மூன்று மாதப் பயணம், நடுவில் ஒரு வாரம் சும்மா இருக்க வேண்டும்: கிலித் தீவுகளில் எது அம்மாவுக்கு ஒத்துவரும்?

வைகைக்கரைப் பெண்

எல்லோருக்கும் வணக்கம். நானும் அம்மாவும் மதுரையை விட்டுக் கிளம்பி இன்றோடு 58 நாள். ஹனோயில் தொடங்கி ஹோய் ஆன், சியம் ரீப், பாங்காக், பினாங்கு, யோக்யகர்த்தா என்று வந்து இப்போது பாலியில் உபுதில் இருக்கிறோம். கையில் இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. நேற்று ராத்திரி தூக்கம் வராமல் எண்ணிப் பார்த்தேன். 58 நாளில் 23 படுக்கை.

அம்மாவுக்கு 62 வயது. ஒரு கிராமத்துப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தினம் காலையில் அரிசி அளந்து, முட்டை எண்ணி, கடைசிப் பிள்ளை தட்டைக் கழுவி வைக்கும்வரை நின்றே பழக்கப்பட்டவர். ஊரில் ஒருநாளும் கால் வலி என்று சொன்னதில்லை. போன வாரம் பொரோபுதூரில், ஏறுகிறவர்களுக்குத் தாழை ஓலையில் முடைந்த ஒரு செருப்புக் கொடுத்தார்கள். அதை மாட்டிக்கொண்டு இரண்டு தளம் வந்தார். மூன்றாவதற்குப் போகும் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “நீ போய்ப் பாத்துட்டு வாடி. எனக்கு இனிமே எந்தக் கோயிலும் வேணாம். ஒரு எடத்துல ஒக்கார விடு” என்றார். இரண்டு கணுக்காலும் வீங்கியிருந்ததை அன்று சாயங்காலம் அறைக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். இந்தப் பயணமே அம்மாவுக்காகப் போட்டது. மனசு கேட்கவில்லை.

அதனால் ஒரு வாரம் ஒரே தீவில், ஒரே அறையில். பாலிக்கு அடுத்த தீவான லொம்போக் பக்கம் இருக்கும் மூன்று கிலித் தீவுகளைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பெயரைக் கேட்டதும் அம்மா, “கிலியா? பேரே பயமா இருக்கே” என்றார். இருவருக்கும் நீச்சல் தெரியாது. அம்மா சுத்த சைவம், முட்டையும் தொடமாட்டார். படகில் ஏறி இறங்க முழங்கால் ஒத்துழைக்குமா என்றும் கவலையாக இருக்கிறது. போய்வந்தவர்கள் சொல்லுங்கள், த்ராவாங்கானா, மெனோவா, ஆயிரா? அங்கே ஒரு வாரம் உட்கார்ந்தால் அலுத்துப்போகுமா?

முத்துக்குளித்துறை

தூத்துக்குடிக்காரன். ஸ்கூபா சொல்லிக்கொடுக்கிறவன், அந்தத் தீவுகளில் மூன்று சீசன் வேலை பார்த்திருக்கிறேன்.

‘கிலி’ என்றால் அங்குள்ள சாசாக் மொழியில் சின்னத் தீவு, அவ்வளவுதான். அம்மாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள். லொம்போக் கரையிலிருந்து முதலில் வருவது ஆயிர், அடுத்தது மெனோ, கடைசியில் த்ராவாங்கான். த்ராவாங்கான்தான் பெரிது. ராத்திரி பாட்டுச் சத்தம் ஓயாது, வயசுப் பிள்ளைகளுக்கான இடம். மெனோவில் ஆள் அரவமே குறைவு, கடைகளும் குறைவு. அம்மாவுக்குச் சாப்பாடு தேடி நீங்கள் வெயிலில் அலைய நேரும். ஆயிரில் நடுவில் தென்னந்தோப்பும் ஊரும், ஊருக்குள் பள்ளிக்கூடம், மசூதி, ஆடு மாடு, கோழி. விடுதியெல்லாம் கரையோரத்தில். நான் சொல்வது ஆயிர்.

மூன்று தீவிலும் பெட்ரோல் வண்டி கிடையாது. குதிரை வண்டி, சைக்கிள், இப்போது கொஞ்சம் மின்சார ஸ்கூட்டர்.

போகும் வழி: பாலியில் பாடாங் பாயிலிருந்து விரைவுப் படகு நேராகப் போகிறது, இரண்டு மணி நேரம் பிடிக்கும். அலை இருந்தால் குதித்துக் குதித்துப் போகும், முழங்காலுக்கும் இடுப்புக்கும் ஆகாது. காசு கொஞ்சம் கூடினாலும் பாலியிலிருந்து லொம்போக்குக்கு விமானத்தில் போங்கள். மேலே போனதும் இறங்கிவிடும். அங்கிருந்து காரில் இரண்டு மணி நேரத்தில் பங்சால் துறை. அங்கே பொதுப்படகில் ஏறினால் கால் மணி, இருபது நிமிடத்தில் ஆயிர். காலையில் கடக்கப் பாருங்கள், மத்தியானத்துக்கு மேல் காற்று கிளம்பிவிடும். ஆயிரில் படகுத்துறை இருக்கிறது. ஆனாலும் சில நேரம் படகை மணலில்தான் ஒதுக்குவார்கள், முழங்கால் அளவு தண்ணீரில் இறங்க வேண்டியிருக்கும். ஏணியில் அம்மா திரும்பி நின்று, படியைப் பார்த்தபடி இறங்கட்டும். படகுப் பையன்கள் தாங்கிப் பிடிப்பார்கள்.

பொன்மலை ஓட்டுநர்

வணக்கம்மா. உங்கள் அம்மா படியில் உட்கார்ந்ததைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத ஓடவில்லை. எங்களுக்கும் அப்படி ஒரு படி வந்தது, அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் ரயில்வேயில் 36 வருடம் வேலை பார்த்தவன். பெரும்பகுதி கூட்ஸ் வண்டி ஓட்டினேன். கூட்ஸ் ஓட்டுகிறவனுக்கு ராத்திரி பகல் கிடையாது. எந்நேரமும் வேலைக்கு அழைப்பு வரும், எந்நேரமும் கையெழுத்துப் போட்டு வண்டியேற வேண்டும். ஓட்டுநர்கள் வெளியூரில் தங்கும் ரன்னிங் ரூமில் பகல் பன்னிரண்டு மணிக்கு ஜன்னலில் போர்வையைக் கட்டி இருட்டாக்கிக்கொண்டு தூங்குவோம். எஞ்சினில் விழிப்புக் கருவி என்று ஒன்று உண்டு. ஓட்டுநர் 60 விநாடி எதையும் தொடாமல் இருந்தால் விளக்கு மின்னும், அப்புறம் பஸர் அடிக்கும், அப்போதும் அசையவில்லை என்றால் வண்டி தானாகப் பிரேக் போட்டு நின்றுவிடும். அதனால் நிமிடத்துக்கு ஒரு தரம் காலடியில் இருக்கும் பெடலை மிதித்துக்கொண்டே இருப்போம். கால் பாட்டுக்கு மிதிக்கும்.

ஓய்வு பெற்ற பிறகு நானும் என் மனைவியும் 2023-இல் நான்கு மாதம் கிளம்பினோம். பினாங்கு, சிங்கப்பூர், பாத்தாம் தீவு, அங்கிருந்து பெல்னி என்கிற இந்தோனேசிய அரசு நிறுவனத்தின் கப்பலில் ஜகார்த்தா. பிறகு ஜாவா முழுக்க ரயில். அங்கே தண்டவாள அகலம் 1,067 மில்லிமீட்டர், நம் பழைய மீட்டர் கேஜைவிட மூன்று விரற்கடை கூட. பெட்டி ஆடுகிற ஆட்டத்தில் எனக்கு விழுப்புரம் லைனில் உதவி ஓட்டுநராக இருந்த காலம் அப்படியே திரும்பி வந்தது. யோக்யகர்த்தா, சுராபாயா, கடைசியில் ஜாவாவின் கிழக்கு முனையில் கெதாபாங். அங்கே படகேறி பாலி. பாலியிலிருந்து லொம்போக்கின் லெம்பார் துறைமுகத்துக்குப் பெரிய படகில் நாலரை மணி நேரம். லொம்போக்கில் கால் வைத்தபோது எழுபது நாள் ஆகியிருந்தது. பங்சால் துறையில் ஒருவர் வழிமறித்து, இன்றைக்குப் பொதுப்படகு முடிந்துவிட்டது, தனிப்படகுதான் என்றார். நான் வாக்குவாதம் பண்ணிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் என் மனைவி பெட்டி மேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். சத்தமே இல்லை. 34 வருடக் குடித்தனத்தில் அவள் பொது இடத்தில் அழுது நான் பார்த்ததில்லை. அதுதான் எங்கள் படி.

(பொதுப்படகு முடியவில்லை. கடற்கரையில் இருக்கும் சீட்டு அலுவலகத்துக்கு நேராகப் போய்க் கேளுங்கள். வழியில் யார் என்ன சொன்னாலும் நிற்காதீர்கள். மாலை நாலு மணிக்குள் துறையில் இருந்துவிடுங்கள். கார் படகுத்துறைவரை போகாது, கொஞ்ச தூரம் நடக்க வேண்டும், பெட்டியைக் குதிரை வண்டியில் போடலாம்.)

ஆயிரில் ஏழு நாள் இருந்தோம். ஊரும் கரையும் சேரும் இடத்தில் ஒரு வீட்டுக்காரர் கட்டி விட்டிருந்த மூன்று அறையில் ஒன்று. மின்விசிறி, கொசுவலை, முன்னால் ஒரு தாழ்வாரம். அதற்கு எதிரே ஒரு பெருகா. அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். லொம்போக்கில் ஒவ்வொரு வீட்டு முன்னும் இருக்கும். நாலு மரத்தூண், இடுப்பளவு உயரத்தில் பலகை மேடை, மேலே புல் வேய்ந்த கூரை, சுவர் கிடையாது. நம் ஊர்த் திண்ணையைப் பெயர்த்து முற்றத்தில் வைத்த மாதிரி. வந்தவர்களை அங்கேதான் உட்கார வைக்கிறார்கள், அங்கேயே சாப்பாடு, அங்கேயே தூக்கம், அங்கேயே ஊர்ப் பேச்சு. கடலோரச் சாப்பாட்டுக் கடைகளிலும் நாற்காலிக்குப் பதில் பெருகாதான். ஒரு காப்பி வாங்கிக்கொண்டு மூன்று மணி நேரம் காலை நீட்டிப் படுத்திருக்கலாம், யாரும் எழுந்திரு என்று சொல்லமாட்டார்கள்.

என் மனைவி முதல் நாள் காலையிலேயே அதில் ஏறிச் சம்மணம் போட்டுவிட்டாள். எனக்கு முடியவில்லை. நாலு மணிக்கு விழிப்பு. தீவைச் சுற்றி நடந்து கடிகாரத்தில் நேரம் பார்த்தேன், ஒரு மணி 35 நிமிடம். மறுநாள் வேகம் கூட்டி ஒரு மணி 20. மூன்றாம் நாள் எதிர்த்திசையில். இதைக் கேட்டு அவள் ஒன்றும் சொல்லவில்லை, “நடந்து என்னத்தப் பாத்தீங்க?” என்று மட்டும் கேட்டாள். யோசித்துப் பார்த்தால் கடிகாரத்தைத் தவிர நான் எதையும் பார்த்திருக்கவில்லை.

நான்காம் நாள் நடக்கப் போகவில்லை. ஐந்து மணி வாக்கில் மசூதியில் பாங்கு, அதற்குப் பின்னாலேயே சேவல்கள், அப்புறம் குதிரை வண்டியின் மணி. வேறு சத்தம் இல்லை. எஞ்சின் சத்தம் இல்லாத விடியலை என் வாழ்க்கையில் நான் கேட்டதே இல்லை. கிழக்கே ரிஞ்ஜானி மலைக்குப் பின்னால் வெளுத்து வந்தது. 3,726 மீட்டர் உயரம், எரிமலை. மேகம் வருவதற்கு முன் அதன் விளிம்பு கத்தி மாதிரித் தெரியும். அன்று காலைச் சாப்பாட்டின்போது என் மனைவி சொன்னாள்: “நேத்து ராத்திரி உங்க கால் மிதிக்கல.”

எனக்குப் புரியவில்லை. ஓய்வு பெற்ற நாளிலிருந்து தூக்கத்தில் என் வலது கால் மிதித்துக்கொண்டே இருக்கிறதாம். அவள் சொல்லாமலே வைத்திருந்திருக்கிறாள். அன்று ராத்திரிதான் நின்றிருக்கிறது. விழித்து உட்கார்ந்து ரொம்ப நேரம் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். முதல் மூன்று நாள் உடம்பு நம்பாது. நாளைக்கு மறுபடி மூட்டை கட்டச் சொல்வார்கள் என்றே அது தயாராக இருக்கும். நீங்கள் அந்த மூன்று நாளில், அலுத்துவிட்டது, அடுத்த தீவுக்குப் போகலாம் என்று நினைப்பீர்கள். போகாதீர்கள். மூன்று நாள் ஆயிர், மூன்று நாள் மெனோ என்று பிரித்தும் போடாதீர்கள். ஏழு நாளும் ஒரே அறை. வந்த அன்றே பெட்டியைப் பிரித்து, துணியை எடுத்துக் கொடியில் போட்டு, பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். அம்மா கண்ணில் அது படக்கூடாது.

அறை பிடிக்கும்போது குளிக்கிற தண்ணீர் நன்னீரா என்று கேளுங்கள். ‘ஆயிர்’ என்றால் தண்ணீர் என்று அர்த்தம். கிணற்று நீர் இருந்ததால் வந்த பெயர் என்கிறார்கள். ஆனால் வாடகை குறைந்த அறைகளில் உப்புக் கரிக்கும். மூன்றாம் நாளே தலைமுடி கயிறாகிவிடும். மசூதிக்கு மிகப் பக்கத்தில் வேண்டாம், படகுத்துறைக்குப் பக்கத்திலும் வேண்டாம். மாடி அறை வேண்டவே வேண்டாம். கட்டிலிலிருந்து பெருகாவுக்குப் பத்து எட்டு இருந்தால் போதும்.

குதிரை வண்டிக்குச் சிடோமோ என்று பெயர். அடியில் கார் டயர்தான் மாட்டியிருக்கிறார்கள். பெட்டி சுமக்க வரும்போதும் போகும்போதும் மட்டும் ஏறினோம். மணலில் இழுப்பது லேசு இல்லை. ஒரு குதிரையின் கடிவாளத் தோல் பட்ட இடத்தில் புண் இருந்தது, வாய் ஓரம் நுரை காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. வண்டிக்காரர் வாளியில் தண்ணீர் வைத்தபோது அது குடித்த வேகத்தைப் பார்த்ததும் நான் இறங்கி நடந்தேன். அம்மாவுக்கு வண்டி தேவைப்படும், தாராளமாக ஏறுங்கள். நல்ல குதிரையாகப் பார்த்து, பெட்டியைக் குறைத்து ஏறுங்கள்.

கோவைச் செவிலி

தீவு பற்றி எனக்குத் தெரியாது, கால் வீக்கம் என்று படித்ததால் எழுதுகிறேன். வெயில், நீண்ட பஸ் பயணம், உப்பு கூடிய வெளிச்சாப்பாடு எல்லாம் சேர்ந்தால் இரண்டு காலும் வீங்குவது சகஜம். படுத்துக்கொண்டு, காலைத் தலையணை மேல் நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கி வைக்கச் சொல்லுங்கள். ஆனால் ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, கெண்டைக்காலில் வலியோ சூடோ இருந்தாலோ, மூச்சு வாங்கினாலோ தள்ளிப்போடாதீர்கள், உடனே ஆஸ்பத்திரி. அம்மாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை ஏதாவது உண்டா? சில மாத்திரைகளாலேயே கணுக்கால் வீங்கும். சின்னத் தீவில் கிளினிக்கைத் தாண்டி எதுவும் இருக்காது. பாலியிலேயே ஒரு மருத்துவரிடம் காட்டிவிட்டுப் படகேறுங்கள்.

புக்கிட் மெர்தாஜாம் அக்கா

வணக்கம் தங்கச்சி. நான் பினாங்குப் பக்கம், பள்ளிச் சிற்றுண்டிச்சாலை நடத்துறேன். உங்க அம்மா எங்க இனம்! வருசா வருசம் இந்தோனேசியா போய் வருவேன், நானும் சைவம்.

பயப்படவேண்டியது இறைச்சிக்கு இல்ல, அது கண்ணுக்குத் தெரியும். தெராசிக்குத்தான். இறாலை அரைச்சுப் புளிக்கவச்ச கட்டி, நாங்க பெலாச்சான்னு சொல்றது. சம்பால்ல கலந்திருக்கும், லொம்போக்கோட பேர்போன பெலெச்சிங் கங்குங்லயும் கலந்திருக்கும். கங்குங் வேற ஒண்ணும் இல்ல, வள்ளைக்கீரைதான். கடைக்காரம்மாகிட்ட “தன்பா தெராசி, தன்பா இக்கான், தன்பா தெலூர்” னு சொல்லுங்க. தெராசி இல்லாம, மீன் இல்லாம, முட்டை இல்லாம. சிரிச்சுக்கிட்டே சொன்னா தனியா அரைச்சுத் தருவாங்க. காடோ காடோவுல வேகவச்ச காய்மேல வேர்க்கடலைச் சாறு ஊத்துவாங்க, அதுக்கும் இதே கேள்வியக் கேட்டுருங்க, மேல வைக்கிற அப்பளம் இறால் அப்பளமா இருக்கும், எடுத்துரச் சொல்லுங்க. உராப்னு ஒண்ணு இருக்கு, காயும் கீரையும் வேகவச்சுத் தேங்காய்த் துருவல்ல பிரட்டினது. அம்மாவுக்கு நம்ம பொரியல் மாதிரியே இருக்கும், ஆனா அந்தத் தேங்காயிலயும் தெராசி போடுற கை உண்டு, கேட்டுக்குங்க. தெம்பே கண்டிப்பா வாங்கிக் கொடுங்க. சோயாப் பயற புளிக்கவச்சுக் கட்டியாக்கினது. மெல்லிசா வெட்டி மொறுமொறுன்னு பொரிச்சா வாழைக்காய் வறுவல் தோத்துப் போயிரும்.

இன்னொண்ணு. துறையில “காப்பால் சப்பாட்” னு எழுதியிருக்கும், வேகப் படகுன்னு அர்த்தம். காப்பால், நம்ம கப்பல்தான், தமிழ்லேர்ந்து போன சொல்லு. குளத்துக்குக் கோலாம், கடைக்குக் கெடாய். அம்மாவுக்குச் சொல்லிக் கொடுங்க, ஒவ்வொரு பலகையா படிச்சுக்கிட்டே வருவாங்க.

ஊர் முஸ்லிம் ஊர். கரையில எப்படியும் இருக்கலாம், ஊருக்குள்ள நடக்கிறப்போ தோளும் முழங்காலும் மூடியிருந்தா அவங்களுக்கு மரியாதை.

வைகைக்கரைப் பெண்

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அக்காவின் பதிலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “எங்க இனம்” என்ற இடத்தில் திரும்ப வாசிக்கச் சொன்னார். செவிலி அவர்களுக்கு: இன்று டாக்டரிடம் காட்டினோம். இரண்டு கால்களிலும் ஒரே அளவு வீக்கம்தான், ரத்த அழுத்தம் சரி, மாத்திரை எதுவும் இல்லை, காலைத் தூக்கி வைத்து ஓய்வு எடுக்கச் சொன்னார். ஆயிர் என்று முடிவாகிவிட்டது. நாளை மறுநாள் விமானம். தரைத்தள அறை, நன்னீர், முற்றத்தில் பெருகா என்று கேட்டுக் கேட்டு ஒன்று பிடித்துவிட்டேன்.

முத்துக்குளித்துறை அண்ணனிடம் ஒரு கேள்வி. நீச்சல் தெரியாமல் கடலில் இறங்குவது சரியா? அம்மாவுக்கு ஆமை பார்க்க ஆசை.

முத்துக்குளித்துறை

இறங்கலாம், இடமும் நேரமும் தெரிந்து இறங்க வேண்டும்.

கிழக்குக் கரையில் பவளத் திட்டு கரையை ஒட்டியே இருக்கிறது. ஓதம் வற்றியிருக்கும்போது முழங்கால் தண்ணீர்தான், ஆனால் காலடியில் உடைந்த பவளத் துண்டும் கடல் முள்ளெலியும். வெறுங்காலோடு இறங்கவே கூடாது, ரப்பர் செருப்பு வாடகைக்குக் கிடைக்கும். ஓதம் ஏறிய பிறகு இடுப்பளவு தண்ணீரில், உயிர்காப்பு அங்கி போட்டு, காற்று வளையத்தைப் பிடித்துக்கொண்டு முகத்தை மட்டும் தண்ணீரில் வைத்தாலே மீன் தெரியும். கிளிமீன் பவளத்தைக் கடிக்கும் சத்தம் காதில் கேட்கும், கல்கண்டு கடிக்கிற மாதிரி. அது கடித்து விழுங்கி வெளியே விடுகிற பொடியும் சேர்ந்ததுதான் நீங்கள் நடக்கப் போகும் வெள்ளை மணல்.

ஆமைக்கு, அடியில் கண்ணாடி பதித்த படகு இருக்கிறது. அம்மா இறங்கவே வேண்டியதில்லை. அங்கே பேராமையும் அழுங்காமையும் உண்டு. படகுக்காரர் ஆமையைத் துரத்தினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது மூச்சுக்கு மேலே வந்துதான் ஆக வேண்டும், சுற்றி ஆள் நின்றால் தவித்துப் போகும்.

எதிர்த் தீவு கைக்கெட்டும் தூரத்தில் தெரிகிறதே என்று யாரும் நீந்தக் கூடாது. நன்றாக நீந்துகிறவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். நாங்கள் நீவாடு என்று சொல்கிற நீரோட்டம் அங்கே பொல்லாதது. பாலிக்கும் லொம்போக்குக்கும் நடுவில் இருக்கும் நீரிணை வழியாகவும் பசிபிக் தண்ணீர் இந்தியப் பெருங்கடலுக்கு இறங்குகிறது. அந்தப் பள்ளம் பனிக்காலத்தில் கடல் மட்டம் நூறு மீட்டருக்கு மேல் இறங்கியபோதும் வற்றவில்லை. அதனால் இந்தக் கரை விலங்கு அந்தக் கரைக்குப் போகவில்லை. 1856-இல் வாலஸ் என்கிற இயற்கை ஆய்வாளர் பாலியிலிருந்து லொம்போக் வந்து இறங்கியதும் பறவைகளே வேறாக இருந்ததைக் கண்டுதான் ஆசியா இங்கே முடிகிறது என்று கோடு போட்டார். கிலித் தீவுகள் அந்த வாசலில் இருக்கின்றன. தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெரிவதை நம்பி ஏமாந்தவர்களை நானே படகில் போய்த் தூக்கி வந்திருக்கிறேன்.

நிலநடுக்கமும் சொல்லிவைக்கிறேன், பயமுறுத்த அல்ல. 2018 ஆகஸ்ட் 5-இல் லொம்போக்கில் பெரிய நிலநடுக்கம், ஐந்நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். தீவிலிருந்தவர்களைப் படகில் ஏற்றி வெளியே கொண்டுவந்தார்கள். அதன் பிறகு ஊர்க்காரர்கள் கல்லைச் சுமந்து திரும்பக் கட்டிய தீவு இது. விடுதிக்குப் போனதும், மேட்டுப் பக்கம் எது, எங்கே கூட வேண்டும் என்று ஒரு தரம் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

வைகைக்கரைப் பெண்

தீவிலிருந்து எழுதுகிறேன். இன்று ஆறாம் நாள், மத்தியானம். அம்மா பெருகாவில் தூங்குகிறார்.

ஓட்டுநர் ஐயா, நீங்கள் சொன்னது அப்படியே நடந்தது. எங்களில் உடம்பு நம்பாதது எனக்குத்தான். அம்மா வந்த அன்றே காலை நீட்டிவிட்டார். நான் இரண்டாம் நாள் ரிஞ்ஜானி அருவிகள், மூன்றாம் நாள் சாசாக் நெசவு ஊர் என்று தேடிக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் அம்மா என் போனை வாங்கித் தன் முந்தானையில் முடிந்துகொண்டார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் கோலிக்குண்டைப் பிடுங்கி வைத்துக்கொள்கிற மாதிரி. அதற்கப்புறம் மறுநாள் காலைவரை தரவில்லை.

வீக்கம் நான்காம் நாளே வடிந்துவிட்டது. கொலுசு அடையாளம்கூட இப்போது பதியவில்லை.

எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் அம்மாவும் எங்கள் அம்மாவும் சிநேகிதம் ஆகிவிட்டார்கள். மொழி கிடையாது. அவர் உராப்புக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்ததைப் பார்த்து, அம்மா எழுந்து போய் மூடியைக் கையில் வாங்கித் துருவ ஆரம்பித்துவிட்டார். ஓய்வெடுக்க வந்த இடத்தில் ஏன் என்று கேட்டேன். “ஆயிரம் பேருக்குத் துருவறதுதான்டி வேலை. ரெண்டு பேருக்குத் துருவறது வேலையா?” என்றார். அந்த அம்மா தெராசி டப்பாவை எடுத்துக் காட்டி, தலையை ஆட்டி, திரும்ப அலமாரியில் வைத்துப் பூட்டினார். தினம் அம்மா முன்னாலேயே இதைச் செய்கிறார்.

ஆமையும் பார்த்தாயிற்று, படகுக்குப் போகவே இல்லை. நேற்று மேற்குக் கரையில் வெயில் சாய்கிற நேரம், பாலியின் ஆகுங் மலை கறுப்பாகத் தெரிய, கரையிலிருந்து இருபதடி தூரத்தில் ஒரு தலை எழுந்தது. ‘புஸ்’ என்று ஒரு மூச்சு. கிழவர்கள் படியேறி நின்று விடுகிற மூச்சு மாதிரியே இருந்தது. உள்ளே போய்விட்டது. அம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

இப்போது ஒரு சந்தேகம். நாளை கிளம்ப வேண்டும். அம்மா இன்னும் ஐந்து நாள் இருக்கலாம் என்கிறார். வந்திறங்கி வாங்கிய 30 நாள் விசாவில் இன்று 17-ஆம் நாள் என்று கணக்கு வருகிறது. இருக்கலாம்தானே?

பொன்மலை ஓட்டுநர்

தாராளமாக இருங்கள் அம்மா. இறங்கிய நாளை ஒன்றாம் நாள் என்று எண்ணித்தான் 17 வருகிறதா என்று மட்டும் முத்திரையைப் பார்த்துச் சரிபாருங்கள். மறுநாளிலிருந்து எண்ணியிருந்தால் இன்று 18. எப்படியானாலும் 12 நாளாவது மிச்சம். அதற்கு மேலும் வேண்டும் என்றால் இன்னொரு 30 நாள் ஒரே ஒரு தரம் நீட்டித் தருவார்கள், லொம்போக்கில் மாதாராமில் குடிவரவு அலுவலகம் இருக்கிறது, கெடு முடிய ஒரு வாரத்துக்கு முன்பே போய்விட வேண்டும். அறைக்காரரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், ஜூன் பிறந்தால் அறை கிடைப்பது கஷ்டம்.

துருவிய தேங்காய் பற்றி என் மனைவியிடம் வாசித்தேன். அந்தக் கடை பச்சைப் பெயின்ட் அடித்த பெருகாவுக்கு இடது பக்கமா என்று கேட்கச் சொல்கிறாள்.

வைகைக்கரைப் பெண்

பச்சைதான், வெயிலில் வெளுத்திருக்கிறது. இடது பக்கம்தான். அம்மா எழுந்ததும் சொல்கிறேன்.